பதினேழு இயந்திரமும் பதினொரு வரியும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்கு வரிசையில் நிற்கும்போதுதான் அந்த யோசனை வந்தது.

திங்கட்கிழமை முதல் படகு. ஏறும் முன் எல்லாரும் பதிய வேண்டும். பதிவேட்டோடு நின்றவர் தலை நிமிராமலே ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்டார். பேர் என்ன, அடையாள அட்டை இலக்கம் என்ன. சொன்னார்கள், எழுதினார், ஏறினார்கள். எனக்கு முன்னால் ஒரு அண்ணை இரண்டு உரப்பையோடு நின்றார். ஒரு பைக்குள் இருந்து சேவல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பையைக்கூட ஒருவரும் திறக்கச் சொல்லவில்லை.

என்னுடைய பைக்குள் மூன்று அளவில் ஸ்குறூட்ரைவர்களும் துரு இளக்குகிற எண்ணெய்ப் போத்தல் ஒன்றும் இருந்தன. பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் இருக்கிற பெட்டிகளைக் கழற்றி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும் என்று சனிக்கிழமை யாழ்ப்பாணம் போய் வாங்கினவை. உப்புக்காற்றில் பெட்டிகளின் ஆணிகள் எல்லாம் கறள் பிடித்துத் தலை மழுங்கிப்போய் இருந்தன. ஒன்றைக் கழற்ற அரை மணித்தியாலம் பிடித்தது. கழற்றினதைத் திரும்பப் பூட்ட ஏலவில்லை.

"பேர்?" என்றார் பதிவேட்டுக்காரர்.

சொன்னேன். இலக்கத்தையும் சொன்னேன். சொல்லிக்கொண்டு இருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. இவர் என்னைக் கழற்றவில்லையே. கேட்கிறார், சொல்லுகிறேன். கணினிக்கும் தன்னைப் பற்றித் தெரியும். என்ன மதர்போட் பலகை, எவ்வளவு ராம், எந்த ஹார்ட் டிஸ்க், எல்லாம் அதற்குள்ளேயே எழுதியிருக்கிறது. கேட்கிறதற்கு நாலு வரி நிரல் எழுதினால் போதும். படித்த பிள்ளை நான், இதை விட்டுவிட்டு எண்ணெய்ப் போத்தல் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

படகில் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லலாம் என்று பார்த்தேன். சேவல் அண்ணைதான் இருந்தார். அவர் உரப்பையைக் கட்டிப்பிடித்தபடி நித்திரை.

அந்தப் பட்டியலைக் கேட்டிருந்தது கனடாவில் இருக்கிற பழைய மாணவர் சங்கம். வருடக்கணக்காக அவர்கள் அனுப்பின பதினெட்டுக் கணினிகள் எங்களிடம் இருந்தன. சில அங்கே ஒரு நிறுவனத்தின் கந்தோரில் பாவித்துவிட்டு அனுப்பினவை. சிலவற்றை அவர்கள் அனுப்பின பணத்தில் இங்கேயே கடையில் பாகங்களாக வாங்கிப் பூட்டி எடுத்தது. ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத்திலும் வெள்ளைப் பெயின்ரால், இன்னாரின் ஞாபகார்த்தமாக இன்ன குடும்பத்தினர் அன்பளிப்பு என்று எழுதியிருக்கும். எங்கள் பக்கத்தில் கதிரைக்கும் எழுதுவார்கள், தண்ணீர்த் தாங்கிக்கும் எழுதுவார்கள். கணினி அறையில் விளக்கைப் போட்டால் பதினெட்டு இறந்த ஆட்களின் பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் அங்கே வந்து எட்டு மாதம். முதல் வேலை. கணினி கற்பிக்கிற ஒரே ஆள். ஆசிரியர் விடுதியில் மூலை அறை எனக்கு. வீடு அக்கரையில், சரவணையில், ஆனால் அம்மாவும் அப்பாவும் அக்காவின் பிள்ளைப்பேறு பார்க்க ரொறன்ரோ போய்விட்டார்கள், போனவர்கள் விசாவை நீட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மற்ற ஆசிரியர்கள் எல்லாம் கடைசிப் படகில் போய்விடுவார்கள். நானும் முதலில் போனனான்தான். பூட்டைத் திறந்து, முற்றம் கூட்டி, பழக்கத்தில் ஆளுக்கு ஒரு முட்டை அவித்து எல்லாவற்றையும் நானே சாப்பிட்டு, திரும்பப் பூட்டைப் பூட்டி வருவது இரண்டு மாதத்தில் அலுத்துப்போயிற்று. அதற்குப் பிறகு சனி ஞாயிறும் தீவிலேயே நின்றேன். பின்னேரங்களில் கணினி அறையில், சன்னலோரம் இருக்கிற இயந்திரத்தில் இருப்பேன். அதில்தான் விசைப்பலகையின் எல்லா எழுத்தும் வேலை செய்யும்.

எனக்கு முந்தி அந்தக் கணினி ஆசிரியர் வேலையில் ஒரு சேர் இருந்தவர். நான் அவரைக் கண்டதில்லை. மாற்றலாகி வன்னிப் பக்கம் போய்விட்டார். அவர் இருந்த அறைதான் எனக்குக் கிடைத்த அறை. சுவரில் பென்சிலால் படகு நேரங்கள் எழுதியிருந்தார். கட்டிலுக்கு நேரே ஒரு ஆணி, அதில் ஒன்றும் இல்லை. அவரைப் பற்றி ஊரில் ஒரு கதை இருந்தது, கணினிப் பெட்டிகளைக் கழற்றிக்கழற்றிச் சாமான் எடுத்தவராம் என்று. ஒருவரும் நேராகச் சொன்னதில்லை. ஆனால் நான் வந்த முதல் கிழமையே மூன்று பேர், "முந்தின சேர் மாதிரி இல்லாமல் வடிவாப் பாரும் பிள்ளை," என்று சொல்லிவிட்டார்கள். நானும் பாதி நம்பித்தான் இருந்தேன். இதை ஒளிக்காமல் எழுத வேண்டும்.

திங்கள், செவ்வாய், புதன், மூன்று பின்னேரமும் எழுதினேன். வேறு ஒன்றும் தரவிறக்க வேண்டியதில்லை, விண்டோஸோடு கூடவே வருகிற பவர்ஷெல் போதும். ஒரு வரி எழுதி அழுத்தினால் ராம் எத்தனை துண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று சொல்லும். இன்னொரு வரிக்கு ஹார்ட் டிஸ்க்கின் பேரும் அளவும். இன்னொன்றுக்குக் கணினியின் தொடர் இலக்கம். ஒவ்வொரு வரியாகச் சேர்த்தேன். கடைசியில் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதி பென்ரைவில் வைக்கச் செய்தேன். கணினி அறையில் வலையமைப்பு இல்லை, ஒவ்வொன்றிலும் பென்ரைவைச் செருகி ஓட்டவேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பேர் வைக்க வேண்டுமே. அடையாள அட்டை இலக்கம் மாதிரி, தொடர் இலக்கத்தையே கோப்பின் பேராக வைத்தேன். அந்த இடத்தில் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல்முதலாக அது சரியாக ஓடினபோது நான் கதிரையில் இருந்து எழும்பிவிட்டேன். எழும்பி, பிறகு என்ன செய்கிறது என்று தெரியவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். மைதானத்தில் தீவில் திரிகிற காட்டுக்குதிரை இரண்டு நின்றன. திரும்பி வந்து இருந்தேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூட அதிபர் எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, கழட்டி முடிஞ்சுதோ?"

"கழட்டேல்லை சேர். கேட்டனான்."

"ஆரைக் கேட்டனீர்?"

"இதைத்தான்."

அவர் என்னையும் கணினியையும் மாறிமாறிப் பார்த்தார். "கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் வீட்டை போய் வாரும் பிள்ளை. தனிய இருந்தால் உப்பிடித்தான் தொடங்கும்."

வெள்ளிக்கிழமை பாடம் முடிந்தபின் எல்லாவற்றிலும் ஓட்டினேன். பதினேழு ஓடின. பதினெட்டாவது மூலையில் துணி போட்டு மூடிக் கிடந்தது, நான் வந்த நாளில் இருந்தே அது உயிர் வரவில்லை. பதினேழில் எடுத்த கோப்புகளை ஒரு வரி நிரலால் சேர்த்து ஒரே அட்டவணையாக்கினேன். நெடுக்காகக் கோடு, குறுக்காகக் கோடு, அவ்வளவு வடிவு. அதிபர் கடைசிப் படகுக்கு அவசரமாக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "நீர் செய்தால் சரியாத்தான் இருக்கும், என்ர பேரையும் போட்டு அனுப்பும்," என்று சொல்லி, அறையைப் பூட்டி, திறப்பையும் மறதியாகத் தன் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு போனார். சிக்னல் நன்றாக வருகிற இறங்குதுறைப் பக்கம் நடந்துபோய், சங்கத்துச் செயலாளருக்கு அனுப்பினேன். ஒன்று மட்டும் பழுது என்றும் எழுதினேன். அவர் நன்றி சொல்லி, என்னைத் தங்களுடைய வட்சப் குழுவில் சேர்த்துவிட்டார்.

அட்டவணையில் எத்தனை வரி என்று நான் எண்ணவில்லை.

சனிக்கிழமை காலை தேத்தண்ணியோடு போனைத் திறந்தால் நூற்றுக்கு மேலே செய்தி. முதலாவது செயலாளருடையது.

"தங்கச்சி, நாங்கள் அனுப்பினது பதினெட்டு. உம்முடைய லிஸ்ட்டில பதினொண்டு. ஒண்டு பழுது எண்டுறீர். மிச்சம் ஆறும் எங்கை?"

அதற்குக் கீழே குழுவே பற்றிக்கொண்டு எரிந்திருந்தது. என் பட்டியலில் பெட்டிக்கு வெளியே எழுதியிருந்த பேர்கள் இல்லை, இயந்திரத்துக்குத் தன் முகத்தில் பெயின்ரால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாதே. அதனால் காணாமல்போன ஆறும் யாருடைய ஆறு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பதினெட்டுக் குடும்பமும் தங்களுடையதுதான் போய்விட்டது என்று நினைத்துவிட்டார்கள். "என்ர அம்மான்ர இருக்கோ இல்லையோ, அதை முதல் சொல்லுங்கோ." "அப்பாவின்ர பேரைச் சுரண்டிப்போட்டு வித்திருப்பான்." ஒருவர் குரல் பதிவில் அழுதிருந்தார். பத்தாவது செய்தியிலேயே முந்தின சேரின் பேர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கேள்வி ஒன்றும் இல்லை, எல்லாம் தீர்ப்புத்தான். அவரின் ஊர், தகப்பன் என்ன வேலை செய்தவர், எல்லாம் வந்தது.

ஏழு மணிபோல அம்மா போன் எடுத்தா.

"பிள்ளை, உன்ர பள்ளிக்கூடத்திலை ஆறு கொம்பியூட்டர் களவு போட்டுதாம். உனக்குத் தெரியுமோ?"

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"கோயில்லை சொன்னவை. முந்தி இருந்த மாஸ்ரராம். நீ கவனமா இரு. கதவை வடிவாப் பூட்டிப்போட்டுப் படு."

நான் நிற்கிற தீவின் செய்தியை ரொறன்ரோவில் இருந்து அம்மா சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் களவைக் கண்டுபிடித்தது உங்கள் மகள்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. குழந்தை எப்படி என்று கேட்டேன். தவழுது என்று சொன்னா.

எனக்கு நன்றாகத் தெரியும், பதினேழு இயந்திரத்துக்கு முன்னால் நான் இருந்தேன். பதினேழு முறை குனிந்து பென்ரைவைச் செருகின இடுப்பு இன்னும் நொந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய் எண்ணிப் படம் எடுத்து அனுப்பலாம் என்றால் திறப்பு அதிபரோடு வேலணைக்குப் போய்விட்டது. சன்னலால் பார்க்கவும் ஏலாது, உப்புக்காற்றுக்காகப் பலகை வைத்து அடைத்தது நானேதான். கையில் இருந்தது பென்ரைவும் என்னுடைய பழைய மடிக்கணினியும்.

கட்டிலில் இருந்து கோப்புகளைத் திறந்து பார்த்தேன். பதினொரு கோப்புகள். பத்துக்கு ஒழுங்கான பேர், எழுத்தும் இலக்கமும் கலந்து. பதினோராவதன் பேர் ஆங்கிலத்தில் ஒரு வசனம். விற்பவர் இதைப் பின்னர் நிரப்புவார் என்று அதற்கு அர்த்தம்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு விளங்கியது. கனடாவில் இருந்து வந்த பத்தும் பெரிய நிறுவனங்கள் செய்தவை, ஒவ்வொன்றுக்கும் தனித் தொடர் இலக்கம் உண்டு. இங்கே கடையில் பூட்டின ஏழுக்கும் அது இல்லை. பலகை செய்தவன் அந்த இடத்தில், விற்கிறவன் நிரப்பட்டும் என்று ஒரு வசனத்தை வைத்து அனுப்பியிருக்கிறான். விற்றவர் நிரப்பவில்லை. யார்தான் நிரப்புவார்கள். ஆகவே ஏழும் என்னிடம் ஒரே பதிலைச் சொல்லியிருக்கின்றன. ஒரே பேரில் ஏழு முறை கோப்பு எழுதப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றும் முந்தினதை அழித்துவிட்டு. கடைசியாக ஓட்டினது மட்டும் மிஞ்சியிருக்கிறது. பத்தும் ஒன்றும் பதினொன்று.

களவும் இல்லை, ஒன்றும் இல்லை. என்னுடைய ஒரு வரி.

அப்போதே குழுவில் எழுதியிருக்க வேண்டும். எழுதினேன்தான். "எல்லோரும் மன்னிக்க வேண்டும்" என்று தொடங்கி நாலு வரி அடித்தேன். பிறகு அதிபரின் பேர் அதில் இருப்பது நினைவுக்கு வந்தது. எட்டு மாத வேலை நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை ஆதாரத்தோடு சேர்த்து எழுதுவோம் என்று அழித்துவிட்டேன். அன்று பகல் முழுக்கப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உடுப்புத் தோய்த்தேன். தோய்க்கத் தேவையில்லாத உடுப்பையும் தோய்த்தேன். கொடியில் எல்லாம் என்னுடைய உடுப்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, ஒரு வீட்டுச் சனத்தின் உடுப்பு மாதிரி.

ஞாயிறு காலை தெரியாத இலக்கத்தில் இருந்து அழைப்பு.

"மிஸ், நான் உங்களுக்கு முந்தி அங்கை இருந்தனான். உங்கட நம்பரை அதிபரிட்டைக் கேட்டு எடுத்தனான், குறை நினைக்காதையுங்கோ."

"ஓம் சேர்," என்றேன்.

"ஆறு பெட்டி எடுத்தனானாம். எனக்கே இப்பதான் தெரியும். படகிலை எப்பிடிக் கொண்டுபோனனான் எண்டும் ஆராவது சொல்லியிருக்கினமோ? எனக்கு ஒரு பையும் தலைகாணியும் கொண்டுபோகவே இடம் காணாமல் போட்டுது."

அவர் கோபமாகக் கதைத்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"சேர், அது என்ர பிழை," என்றேன். தொடர் இலக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் இடையில் குறுக்கிடாமல் கேட்டார்.

"எப்ப கண்டுபிடிச்சனீங்கள்?"

"நேற்று."

"நேற்றோ?" என்றார். "எனக்குக் கலியாணம் பேசினம் மிஸ். எல்லாம் பொருந்தியிருக்குது. பொம்பிளையின்ர பெரியப்பா உந்தக் குறூப்பிலை இருக்கிறார். வாற புதன்கிழமை எங்கட வீட்டை வாறதெண்டு சொன்னவை. நேற்றுப் பின்னேரம் எடுத்து, யோசிச்சுச் சொல்லுறம் எண்டிட்டினம்."

நேற்றுப் பின்னேரம் நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றனான்.

"உந்த ஏழும் நான் நிண்டு பூட்டுவிச்சது. மூலையிலை கிடக்கிறதின்ர பவர்சப்ளையைக் கழட்டினதும் நான்தான். சோதனை நேரம் இன்னொண்டு எரிஞ்சுபோட்டுது, அதுக்குப் பூட்டினனான். அதைக் கண்டவைதான் கழட்டுறான் கழட்டுறான் எண்டு சொல்லியிருப்பினம்." பிறகு, கதையை மாற்றுகிற மாதிரிக் கேட்டார். "அறையிலை ஃபான் இப்பவும் ஒருபக்கம் இழுத்துக்கொண்டோ சுத்துது?"

"ஓம். கட்டிலை அந்தப் பக்கம் தள்ளிப்போட்டன்."

"நானும் தள்ளினனான். அதிபர்தான் திருப்பி வைச்சவர்."

போனை வைத்த உடனேயே குழுவில் எழுதினேன். பிழை என்னுடைய நிரலில், ஒரு கணினியும் காணாமல் போகவில்லை, முந்தின சேரில் ஒரு பிழையும் இல்லை என்று. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"தங்கச்சி, உமக்கு நல்ல மனம். ஆனால் களவு செய்தவையைக் காப்பாத்தப் பார்க்காதையும்."

இன்னொருவர்: "கொம்பியூட்டர் பிழையா எண்ணுமே? நீங்கள் வெருட்டினபடியால் பிள்ளை பயந்து மாத்திக் கதைக்குது."

ஒரு நாள் பிந்தினதற்கு விலை அதுதான். என்னுடைய அட்டவணையை அவர்கள் என்னிலும் கூட நம்பிவிட்டார்கள். இயந்திரம் சொன்னது என்றால் சொன்னதுதான். அதற்கு மேலே நான் எழுதின எதுவும் ஒரு பிள்ளையின் இரக்கமாகத்தான் அவர்களுக்குப் பட்டது.

அன்று பகல் முழுக்க நிரலைத் திருத்தினேன். தொடர் இலக்கத்தைத் தூக்கிவிட்டு, மதர்போட்டுக்கு என்று ஒரு நீண்ட அடையாள இலக்கம் இருக்கிறது, அதை வைத்தேன். உலகத்தில் இரண்டு பலகைக்கு ஒரே இலக்கம் வராது என்று படித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை முதல் படகு வரும்போது இறங்குதுறையில் நின்றேன். அதிபர் இறங்கினதும் திறப்பைக் கேட்டேன். அவருக்கு விஷயம் எல்லாம் தெரிந்திருந்தது, அவருடைய மச்சானும் கனடாவில்தான். நடந்துகொண்டே சொன்னேன். அவர் ஏசவில்லை.

"பேந்து என்ன, எண்ணாமல் நானும்தானே பேரைப் போட விட்டனான்," என்றார். பள்ளிக்கூட வாசலில் நின்று ஒரு மாதிரிப் பார்த்தார். "கேட்டனான் கேட்டனான் எண்டீர். உவை ஏழு பேரும் ஒரே பதில் சொல்லேக்கை உமக்கு ஒரு சந்தேகம் வரேல்லையோ?"

"பதிலைப் பார்க்கேல்லை சேர். கேட்டதிலையே சந்தோசப்பட்டிட்டன்."

பதினேழிலும் திரும்ப ஓட்டினேன். இந்த முறை ஒவ்வொன்றுக்குப் பிறகும் பென்ரைவில் எத்தனை கோப்பு என்று எண்ணினேன். பதின்மூன்று வரைக்கும் சரியாக ஏறிவந்தது. பதினாலாவதில் எண்ணிக்கை கூடவில்லை. பதினைந்தாவதிலும் கூடவில்லை. கடையில் பூட்டினவற்றில் மூன்றுக்கு அந்த நீண்ட இலக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. பலகை செய்தவன் அதையும் நிரப்பாமல் மாதிரி இலக்கத்தோடே விட்டிருக்கிறான். எனக்கு அழுகை வரப்பார்த்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள், பாடம் அவர்களுக்கு. "இண்டைக்கு வெளியிலை இருந்து கொப்பியிலை எழுதுங்கோ," என்றேன்.

பிறகு ஹார்ட் டிஸ்க்கின் இலக்கத்தைக் கேட்டேன். டிஸ்க் செய்கிறவன் தன்னுடைய இலக்கத்தைத் தானே எழுதித்தான் வெளியே விடுவான், யாரோ பிறகு நிரப்பட்டும் என்று விடுவதில்லை. முதலில் இருந்து திரும்பத் தொடங்கினேன். பதினேழு முறை குனிந்தேன். பதினேழு கோப்புகள்.

இந்தமுறை நிரல் ஒவ்வொன்றிலும் நின்று என்னிடமும் ஒரு கேள்வி கேட்டது. பெட்டியில் என்ன பேர் எழுதியிருக்கிறது என்று. நான் பார்த்துத் தட்டச்சினேன். தனக்குத் தெரியாததை அது என்னிடம் கேட்க, எனக்குத் தெரியாததை நான் அதனிடம் கேட்டேன். பெயின்ற் உரிந்த இடத்தில் விரலால் தடவிப் பார்த்து வாசித்தேன். எட்டு மாதத்தில் அந்தப் பேர்களை ஒருமுறைகூட முழுதாக வாசித்ததில்லை.

இன்னொரு வரியும் சேர்த்திருந்தேன், அவசியத்துக்கு இல்லை, ஆசைக்கு. ஒவ்வொரு டிஸ்க்கும் பிறந்ததில் இருந்து எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்று அது கணக்கு வைத்திருக்கும். கடையில் புதிதாகப் பூட்டின ஏழில் ஆறு கிட்டத்தட்ட ஒரே அளவுதான் ஓடியிருந்தன. சன்னலோரத்தில் இருக்கிறதும் அந்த ஏழில் ஒன்று, ஆனால் அது மட்டும் மற்றவற்றைப்போல மூன்று மடங்கு. பள்ளிக்கூட நேரத்தில் எல்லாம் ஒன்றாகத்தான் ஓடும். மிச்சம் எல்லாம் பாடம் முடிந்த பிறகு ஒருவர் தனிய இருந்து ஓட்டின மணித்தியாலங்கள். அதில் அவருடையது எவ்வளவு, என்னுடையது எவ்வளவு என்று டிஸ்க் பிரித்துச் சொல்லாது. எனக்கு முந்தியும் ஒருவர் அதே கதிரையில், அதே சன்னலோரத்தில், கடைசிப் படகு போன பிறகு இருந்திருக்கிறார். அந்த இலக்கத்தைக் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு பெட்டியையும் பேர் தெரியப் படம் எடுத்து, பதினேழு வரி அட்டவணையோடு குழுவில் போட்டேன். மூலையில் கிடந்ததையும் துணியை விலக்கி, தூசு துடைத்து, படம் எடுத்துப் போட்டேன்.

பதில்கள் வந்தன. "அம்மான்ர இருக்குது. பெயின்ற் மட்டும் உரிஞ்சிருக்கு." "எங்கட மாமான்ர நாலாவது." அவரவர் தங்கள் பேரைத் தேடிப் பிடித்துவிட்டு அடங்கிப் போனார்கள். குழு அமைதியாகிவிட்டது. முந்தின சேரைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை. அழுத குரல் பதிவு அங்கேயே கிடந்தது. சுரண்டி வித்திருப்பான் என்றதும் அங்கேயே கிடந்தது. அவர்களுக்கு அது முடிந்துபோன விஷயம்.

பின்னேரம் திரும்ப எழுதினேன். "ஆறு கணினி களவு போனது என்று வந்தது நான் எண்ணாமல் அனுப்பினதால். முந்தின சேர் ஒன்றையும் எடுக்கவில்லை. ஏழு கணினியை அவர்தான் நின்று பூட்டுவித்திருக்கிறார். சோதனை நேரம் ஒன்று எரிந்தபோது, பழுதானதின் பவர்சப்ளையை எடுத்து அதற்குப் போட்டிருக்கிறார். இன்று பதினேழு ஓடுவது அவரால். அவரைப் பற்றி இங்கே எழுதினவர்கள் தயவுசெய்து ஒரு சொல் எழுதுங்கள்."

பார்த்துவிட்டவர்களின் இலக்கங்கள் பட்டியலில் ஏறிக்கொண்டே போயின. அந்த இலக்கங்களில் எது பொம்பிளையின் பெரியப்பா என்று எனக்குத் தெரியாது. கன நேரத்துக்குப் பிறகு செயலாளர் எழுதினார்: "விளங்குது தங்கச்சி. நாங்களும் அவசரப்பட்டிட்டம். அந்த மாஸ்ரருக்கு நான் எடுத்துச் சொல்லுறன்." அதன் கீழே ஆறேழு பேர் கைகூப்பின படம் போட்டார்கள். கடைசியாக ஒருவர் மட்டும்: "எங்கட அப்பாவின்ர ஒண்டு மட்டும் ஏன் வேலை செய்யாது?"

செவ்வாய் முழுக்க ஒன்றும் இல்லை. புதன்கிழமை பாடத்துக்கு நடுவில் போன் மேசையில் அதிர்ந்தது. பார்க்காமல் இருக்க முயன்றேன். மணி அடித்ததும் எடுத்தேன். வன்னி இலக்கம், இரண்டே வரி.

"வந்தவை. பலகாரம்தான் காணாமல் போட்டுது."

கதிரையில் இருந்து எழும்பினேன். இந்தமுறையும் எழும்பிவிட்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அதிபர் அறைக்குப் போகலாம் என்று நடந்தேன், அவர் யாரோ பெற்றோரோடு கதைத்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்கு அங்கே நடுச்சாமம். திரும்பி வந்து சன்னலோரத்தில் இருந்தேன். எங்கேயோ ஒரு வீட்டில் பொம்பிளை வீட்டு ஆட்கள் கூடியிருந்து பலகாரம் சாப்பிடுகிறார்கள். இங்கே டிஸ்க்கில் என்னுடைய மணித்தியாலம் ஏறிக்கொண்டிருந்தது. "சந்தோசம் சேர்" என்று பதில் எழுதினேன். அதற்கு மேலே எழுத எங்களுக்குள் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை யாழ்ப்பாணம் போய்ப் பவர்சப்ளை ஒன்று வாங்குவதாக இருக்கிறேன். திங்கட்கிழமை படகில் கடல் தெளிக்காமல் இரண்டு பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவருவேன். மூலையில் கிடக்கிற பதினெட்டாவதின் ஆணிகளைக் கழற்ற ஸ்குறூட்ரைவரும் எண்ணெய்ப் போத்தலும் கடைசியில் தேவைப்படத்தான் போகின்றன. கழற்றத் தெரிந்தவர் எப்படிக் கழற்றினார் என்று வன்னிக்கு எடுத்துக் கேட்கலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நிரலிலும் ஒரு கேள்வி கூட்டியிருக்கிறேன், பெட்டியில் எழுதியிருக்கிற பேருக்கு அடுத்ததாக. இதை யார் பூட்டினது, யார் திருத்தினது என்று அது கேட்கும். ஏழுக்கு நான் அவரின் பேரைத் தட்டச்சிவிட்டேன். பதினெட்டாவதுக்கு உயிர் வந்தால், அதன் டிஸ்க்கிடம் முதலில் மணித்தியாலத்தைத்தான் கேட்கப் போகிறேன். வந்த பதிலை இந்தமுறை வாசித்துவிட்டுத்தான் மற்றக் கேள்வி.